மூன்றிலைப் பூவும் எந்தப் பக்கம் என்ற கேள்வியும்

இந்த நாட்டுச் சனம் காட்டுக்குள் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறது. கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணுக்காலுக்கு மேல் ஏறின சப்பாத்தும் தொப்பியும் போட்டு, கையில் ஒரு தடியும் பிடித்துக்கொண்டு புருசனும் பெண்சாதியுமாகக் காரில் வந்து இறங்குவார்கள். உள்ளே போய் நடப்பார்கள். மத்தியானம் திரும்பும்போது ஒரு சுள்ளி இருக்காது, ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழை இருக்காது, ஒரு கிழங்குகூட இருக்காது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வந்த புதிதில் இப்படித் திரும்பி வந்த ஒரு கிழவரிடம், உள்ளே இருந்து என்ன எடுத்து வருகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் திடுக்கிட்டுக் கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டார். நான் காவலுக்கு நிற்கிறவள் என்று நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் சரவணையில் ஒருவர் பற்றைப் பக்கம் போய் வெறுங்கையோடு வந்தால் அதற்கு இரண்டு காரணந்தான் இருக்கும். ஒன்று, செம்போடு போயிருப்பார். இல்லையென்றால் காணிக்காரன் கலைத்திருப்பான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் தீவின் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பனை நிழல் ஒரு ஆளுக்குக் காணாது, அதுவும் நின்ற இடத்தில் நில்லாது. மாரி மழை போனால் நிலம் சுண்ணாம்பாய் வெளிறிப்போகும். கிணறுகளில் பாதி உப்புச் சவர். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். நிழலும் ஈரமும் சேர்ந்த ஒரு துண்டு நிலம் சரவணையில் இருந்தது என்றால் அது யாரோ ஒருவருடைய கிணற்றடியாக இருக்கும். அங்கே வாழை நிற்கும், கமுகு நிற்கும், செம்பருத்தி நிற்கும். நாங்கள் கட்டுக்கு வெளியே குடத்தோடு நிற்போம். கிணற்றில் எங்கள் கை படக்கூடாது. யாராவது இரக்கப்பட்டு அள்ளி ஊற்றினால் தண்ணீர். ஊற்றுகிறவர் சாப்பிட்டுவிட்டு வரப் போயிருந்தால் அவர் வரும்வரை வெயில். அப்படி நின்று நின்றே எனக்கு ஈரமண்ணின் மணம் பிடித்துப்போனது, அதே அளவுக்குப் பிடிக்காமலும் போனது.

அதனால்தான் ஒன்ராறியோவின் காட்டுக்குள் முதல் தடவை காலெடுத்து வைத்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம் வந்தது. கால் புதையும் கறுப்பு மண். போன வருட இலைகள் உக்கிக் கிடக்கின்றன. நடுவே ஒரு வாய்க்கால் யாரும் இறைக்காமல் தன்பாட்டில் ஓடுகிறது. மேலே மேப்பிள் மரங்கள், பீச் மரங்கள். இவ்வளவு நிழலும் இவ்வளவு ஈரமும் ஒரு வேலி இல்லாமல், காவல் இல்லாமல், ஆர் நீ என்று கேட்க ஒரு நாய்கூட இல்லாமல் சும்மா கிடக்கிறது. உலகத்தில் இது இப்படித்தான் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று வயிறு எரிந்தது.

என்னை அங்கே கூட்டிப்போனவள் டொறத்தி. நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், என் வயதுக்காரி. அவளுக்குக் காட்டுப்பூப் பைத்தியம். குளிர் விட்டதும் கோட்டுப் பைக்குள் ஒரு சின்னப் பூப்புத்தகம் ஏறிவிடும். இவள் என்னதான் பார்க்கிறாள் என்று ஒரு ஞாயிறு அவளோடு போனேன். சித்திரை நடுப்பகுதி. மரங்களில் இன்னும் இலை வரவில்லை. வெயில் தரைவரை இறங்கும் சில கிழமைகள் அவை. அதற்குள் முளைத்துப் பூத்து முடித்துவிட வேண்டும், மேலே இலை மூடிய பிறகு இந்தப் பூக்களுக்கு வேலை இல்லை என்று சொன்னாள். வாய்க்காலுக்குச் சற்று மேலே, சரிவில், முழங்காலில் இருந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் ஒரு செடி. ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் வட்டமாக மூன்று இலைகள், நடுவில் ஒரு மொட்டு. பச்சைப் புறவிதழ் மூன்று. உள்ளே வெள்ளை இதழ் மூன்று எட்டிப் பார்த்தது.

டொறத்தி ஒரு பூவை அறியும் விதம் எனக்கு விசித்திரமாக இருந்தது. பூவைப் பார்க்க முன் நிலத்தைப் பார்ப்பாள். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்ப்பாள். தலைக்கு மேலே என்ன மரம், பக்கத்தில் துணைக்கு நிற்பது எது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எல்லாம் பார்த்த பிறகுதான் பூவின் முகம். இதன் பெயர் ட்ரில்லியம், வெள்ளை ட்ரில்லியம் என்றாள். வெயில் கொளுத்தும் வெளியில் ஒரு நாளும் வராதாம். இதேபோல் மூன்றிலையோடு கருஞ்சிவப்பில் ஒன்று இருக்கிறதாம், அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், மணந்தால் அழுகல் நாற்றம். வெள்ளையோ நேராக நிற்கும், வயதானால் இளஞ்சிவப்பாக மாறும். விதை விழுந்து முதல் பூவைக் காண ஏழெட்டு வருடம் செல்லும், விதையைத் தூக்கிப்போய்ப் புதைப்பது எறும்பு. இதையெல்லாம் அவள் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டு போக, நான் பாதியில் விட்டுவிட்டேன். என் கண் அந்த மூன்று இலையில் நின்றுவிட்டது. ஒரு காம்பு, மூன்று இலை. எந்தச் சைவப் பிள்ளைக்கும் அதைக் கண்டால் ஒரு பெயர்தான் வாயில் வரும். வில்வம் என்று உரக்கச் சொல்லிவிட்டேன். டொறத்தி அது எங்கள் மொழியில் ட்ரில்லியத்தின் பெயர் என்று நினைத்து, புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் ஊர்க் கோயிலின் வெளிவீதியில் ஒரு வில்வமரம் நின்றது. விரல் நீளத்துக்கு முள். விசேஷம் வந்தால் முதல் நாளே வீட்டுக்கு ஆள் வரும், சின்னவன் பின்னேரம் வந்து வில்வம் முறித்துத் தரவேண்டுமாம் என்று. சின்னவன் என்பது என் அப்பு, என்னைப் பெற்ற தகப்பன். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் திங்கட்கிழமையிலும் வில்வம் பறிக்கக்கூடாது, அதனால் எப்போதும் முதல் நாள். அப்பு பனை ஏறுகிற மனிசன், வில்வமரம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஏறி முறித்துக் கீழே விரித்த சாக்கில் போடுவார். இறங்கி வந்து எட்டி நிற்பார். கோயில் ஆள் சாக்கின் மேல் செம்பால் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். முறிப்பதற்கு அப்புவின் கை வேண்டும், ஆனால் அந்தக் கையின் அடையாளம் இலையில் இருக்கக்கூடாது. அடுத்த நாள் சித்திராப் பௌர்ணமி என்றால் மதிலுக்கு வெளியே ஓலைப் பிளாவை ஏந்திக்கொண்டு அம்மா கஞ்சிக்கு நிற்பாள். ஒரு காலத்தில் சட்டம் வந்தது, இனி எல்லாரும் உள்ளே போகலாம் என்று பேப்பரில் போட்டார்கள். அதை வாசித்துக் காட்டினவள் நான்தான். அம்மா முழுக்கக் கேட்டாள், எழும்பி அடுப்பை ஊதப் போனாள். சட்டம் கொழும்பில் வந்தது, எங்கள் கோயில் வாசலுக்கு வந்துசேரவில்லை. மூலஸ்தானத்தில் எரியும் விளக்கைக் காணாமலே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். செத்ததாகத் தந்தி எனக்குக் கிடைத்தபோது சுடலையில் சாம்பலும் ஆறியிருக்கும்.

டொறத்தியோடு காட்டுக்குப் போன அந்த வருடந்தான் அம்மா போன பிறகு வந்த முதல் சித்திராப் பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். என் புருசன் செல்வராசா கார்ச்சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார், சொந்த ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம். வாய் திறந்து சண்டை பிடிக்காத மனிதர். எங்களைச் சுற்றி நூறு மைலுக்குள் தமிழ்க் குடும்பம் என்று ஒன்றுதான் வந்து சேர்ந்திருந்தது, அதற்கு முந்தின மாரிக்கு. பக்கத்து நகரத்தில் வீடு வாங்கியிருந்த எஞ்சினியர் குலசேகரம் அண்ணையும் அவருடைய மனைவி யோகம் அக்காவும். சரவணைக்குப் பக்கத்து வேலணை ஆட்கள். நல்ல மனிதர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பனிக்குள் கார் நின்றுபோனபோது நடுவீதிக்கு வந்து எங்களை ஏற்றிப்போனவர்கள். அவர்கள் வீட்டு மிளகாய்த்தூளில்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் கறி சிவந்தது. அண்ணை காசியில் இருந்து கொண்டுவந்த ஒரு சின்னச் சிவலிங்கத்தை நிலவறையில் வைத்துச் சித்திராப் பௌர்ணமியன்று முதலாவது பூசை செய்யப்போவதாகச் சொன்னார். ரொறன்ரோவிலிருந்தும் இரண்டு மூன்று குடும்பம் வருகிறதாம். ஐயர் இல்லை, அதனால் தாயில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கையாலேயே சாத்தலாம் என்றார். வில்வத்துக்கு எங்கே போவது என்று யோகம் அக்கா கவலைப்பட்டார். நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தங்கள் கையாலேயே என்று அண்ணை சொன்ன வார்த்தை எனக்குள் போய் இருந்துவிட்டது. எனக்கு வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு இலை. நடுவில் இன்னொருவர் தண்ணீர் தெளித்து வாங்காமல், என் விரலில் இருந்து நேரே சிவனின் தலைக்கு. அம்மா நின்ற இடத்தில் இருந்து அந்த ஒரு இலையின் தூரத்தையாவது நான் நடந்து காட்ட வேண்டும் என்றிருந்தது. அந்த ட்ரில்லியம் வில்வம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வில்வம் மரம், இது ஒரு சாண் செடி. வில்வம் வெயிலில் காயும், இது ஈரநிழலில் நிற்கும். ஆனாலும் கும்பிடுகிறவனுக்கு ஒரு சாட்டுப் போதும். சாணகத்தைப் பிடித்து வைத்துப் பிள்ளையார் என்று கும்பிடுகிற சனந்தானே நாங்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் பின்னேரம், வேலை முடிந்து வந்து முழுகி, தனியாகக் காட்டுக்குப் போனேன். அப்பு செய்தது போலவே முதல் நாள். சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். மண்ணின் குளிர் எலும்பில் ஏறியது. பூவையும் மூன்றிலையையும் சேர்த்துத் தண்டோடு பறித்தேன். ஒரு செடிக்கு ஒன்றுதான் வரும், அதனால் ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பறித்துப் பை நிறைத்தேன். அந்தச் சரிவில் நான் குனிந்த இடமெல்லாம் வெறுமையாகிப்போனதை அப்போது பார்க்கவில்லை. பார்த்தது பையைத்தான்.

மறுநாள் குலசேகரம் அண்ணை வீட்டில் அந்தப் பையைத் திறந்தபோது ஆளுக்காள் கூடிவிட்டார்கள். பித்தளைத் தட்டில் யோகம் அக்காவே எடுத்து அடுக்கினார். கனடாவிலும் சிவன் தன் இலையை முளைக்க வைத்திருக்கிறார் என்று ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் கண் கலங்கினார். குலசேகரம் அண்ணைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வில்வத்தின் பெருமையை எல்லாருக்கும் விளக்கினார். மற்றப் பூவெல்லாம் வாடினால் குப்பை, வில்வத்துக்கு அது இல்லை, ஒருமுறை சாத்தினதை எடுத்துக் கழுவித் திரும்பவும் சாத்தலாம், தீட்டே அண்டாத இலை என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். விரதம் இருந்த வயிறு, மனம் நிறைந்திருந்தது. அப்போதுதான் அவர், சந்தோசத்தில், பாசத்தில், ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்க்காரரிடம் கேட்பது போல அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அது சரி தங்கச்சி, சரவணையிலை நீர் எந்தப் பக்கம்?"

எங்கள் ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாதி என்ன என்று யாழ்ப்பாணத்தில் எவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், அது அநாகரிகம். ஊர் எது என்பார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்தக் கிணற்றடி, ஆர் வீட்டுக்குப் பக்கத்தில், ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை. மண்ணைத் தொட்டு, ஈரம் பார்த்து, பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, கடைசியில்தான் முகத்தைப் பார்ப்பார்கள். மூன்று கேள்விக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள், பிழைக்காது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்து ஓடிக்கொண்டிருந்தோம். அது கிட்ட வரும்போதெல்லாம் செல்வராசா கார்க் கதைக்கோ பனிக் கதைக்கோ பேச்சைத் திருப்பிவிடுவார். அன்றைக்கும் அவர் இருமினார். கதிரையை இழுத்தார். ஆனால் அது அம்மாவின் நாள். அவள் இருந்த இடத்தை மறைத்துவிட்டு அவள் பெயரில் இலை சாத்த எனக்கு மனம் வரவில்லை.

கோயிலுக்குக் கிழக்கே பனங்கூடலுக்குள் என்றேன். ஆற்றை பிள்ளை என்று கேட்டார், குரல் இறங்கியிருந்தது. சின்னவனின் பிள்ளை, உங்கள் ஊர்ப் பக்கக் கோயில்களுக்கும் வில்வம் முறிக்க வந்தவர்தான் என்றேன்.

யாரும் முகம் சுளிக்கவில்லை, எழும்பிப் போகவில்லை. நாங்கள் எல்லாரும் படித்த ஆட்கள் அல்லவா. குலசேகரம் அண்ணை சிரித்த முகத்தோடே இருந்தார். யோகம் அக்கா குத்துவிளக்கின் திரியைத் திருத்தினார். திருத்திக்கொண்டே தட்டை எடுத்து, போகிற போக்கில் என்பது போல, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மேல் வைத்தார். கடையில் வாங்கிய கார்னேசன் பூவைப் பிரித்து லிங்கத்துக்கு முன்னால் பரப்பினார். நான் தட்டைப் பார்த்தேன். பிறகு அண்ணையைப் பார்த்தேன்.

"இது வில்வம் இல்லைத்தானே தங்கச்சி," என்றார் அவர், சாந்தமாக. "சாஸ்திரம் எண்டு ஒண்டு இருக்கு. கண்ட களையையும் சாத்த ஏலாது."

"அஞ்சு நிமிசத்துக்கு முன்னம் இது என்ன இலையா இருந்தது, அண்ணை?"

அவர் லிங்கத்தின் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறாததற்குக் காரணம், அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான். அது வில்வம் இல்லை. எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொன்னாலும் அவர் பக்கந்தான் தீர்ப்பு வரும். கேள்விக்கு முன் வில்வம், கேள்விக்குப் பின் களை. இடையில் அந்த இலைக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை, என் அப்புவின் பெயர் நடந்தது. எங்கள் ஆட்களைக் கொழும்பில் அடித்தால் தமிழன் என்று அடிக்கிறான் என்று பொங்குகிற சனம் இது. அதே மூச்சில் ஏழு கடல் தாண்டி வந்து, பனிக்குள் தோண்டிய ஒரு நிலவறைக்குள்ளும் ஒரு வெளிவீதி போட்டு வைக்கிறது. வேறு எதை விட்டுவிட்டு வந்தாலும் இதை மட்டும் மறக்காமல் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். தீட்டே அண்டாத இலையாம். இலைக்குத் தீட்டு இல்லை, பறித்த கைக்குத்தான் எல்லாம்.

தட்டில் இருந்ததை என் சீலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செல்வராசா பின்னாலே வந்தார். சாப்பிட்டுப் போகலாமே என்று யோகம் அக்கா வாசல்வரை வந்து கூப்பிட்டது கேட்டது. சாப்பாடு போடத் தயங்காத மனிதர்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். காரில் பாதித் தூரம் வந்த பிறகு செல்வராசா மெதுவாக, வேறு ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாமே, இந்த நாட்டில் யார் போய் விசாரிக்கப் போகிறான் என்றார். நான் அவரோடு ஒரு கிழமை பேசவில்லை.

அந்தப் பூக்களில் ஒன்றை அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்துக் கிளாசில் தண்ணீர் விட்டு என் மேசையில் வைத்தேன். மற்றதெல்லாம் வாடிவிட்டது. டொறத்தி அதைக் கண்டாள். அவளுடைய முகம் மாறியது.

"இதை எங்கே எடுத்தாய்?" என்று கேட்டாள். "எந்தப் பக்கத்தில்?"

முந்தின நாளில் இருந்து எனக்குள் கொதித்தது அவள் மேல் ஊற்றிவிட்டது. நான் எங்கே இருந்து வந்தால் உங்களுக்கெல்லாம் என்ன, எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் என் கையில் வாங்குவீர்களா, நீயுமா என்று கத்தினேன். வாட்டில் இருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். டொறத்தி பேயடித்தவள் போல நின்றாள். உன்னைக் கேட்கவில்லை, பூவைக் கேட்டேன் என்றாள். பிறகு, தான் எந்தப் பிழையும் செய்யாதிருக்க, மன்னித்துக்கொள் என்றாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள், மற்றப் பூப் போல இல்லையாம் இது. அந்த மூன்று இலைதான் அதற்கு வருடம் முழுமைக்குமான அடுப்பு. தண்டோடு போனால் கீழே இருக்கும் கிழங்கு பட்டினி கிடக்கும். சில பட்டுப்போகும், தப்பினது திரும்பப் பூக்க எத்தனையோ வருடம். எங்கே எத்தனை போனது என்று தெரிந்தால் அந்தச் சரிவுப் பக்கம் ஆட்கள் மிதிக்காமல் பார்க்கலாம் என்றுதான் கேட்டாளாம். ஒரே கேள்வி. ஒருத்தி அதைக் கேட்டது அந்தச் செடி உயிரோடு இருக்க வேண்டும் என்று. மற்றவர் கேட்டது என்னை எங்கே வைக்கலாம் என்று. எனக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கேட்டது. அந்தக் காதை எனக்குத் தந்தது சரவணை, அதற்காகவும் எனக்குக் கோபம்.

ஒரு வருடம் தமிழ் பேச வீட்டில் செல்வராசாவைத் தவிர ஆள் இல்லை. அவரும் பேசுகிற மனிதர் இல்லை. மிளகாய்த்தூளை ரொறன்ரோவில் இருந்து தபாலில் எடுப்பித்தோம். அடுத்த சித்திரையில் டொறத்தியோடு போய் அந்தச் சரிவைப் பார்த்தேன். சுற்றிவரப் பூத்திருந்தது. நான் பறித்த இடத்தில் சிலது வரவே இல்லை. வந்ததில் ஒரு காசு அளவு இலைகள், பூ இல்லை. டொறத்தி விரலை மண்ணில் விட்டு, ஈரம் இருக்கிறது, வரும் என்றாள். இந்தப் பச்சைப்பிள்ளைகளைப் பட்டினி போட்டது அந்த நிலவறைக்கு ஒரு தட்டு நிரப்பவா என்று எனக்கு என் மேலும் ஆத்திரம் வந்தது.

அதே கிழமை தொலைபேசி அடித்தது. யோகம் அக்கா. சுகம் கேட்டார், செல்வராசாவின் வேலையைக் கேட்டார், குளிரைத் திட்டினார். ஒரு வருடம் இடையில் போகாதது போல அவருடைய குரல் அப்படியே இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேச்சு நீளட்டும் என்று நானும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிறகு விசயத்துக்கு வந்தார். இந்தமுறை ரொறன்ரோவிலிருந்து ஒரு ஐயர் வருகிறாராம். வில்வம் கிடைக்காத ஊரில் மூன்றிலையாக எது இருந்தாலும் பாதகமில்லை என்று அவரே சொல்லிவிட்டாராம்.

"அண்டைக்கு நடந்ததை மனசிலை வையாதையும். உமக்குத்தானே இடம் தெரியும். முதல் நாள் பின்னேரம் பிடுங்கிக்கொண்டு வந்து வாசலிலை வைச்சிட்டுப் போம், மிச்சத்தை நான் பாக்கிறன்."

முதல் நாள். பின்னேரம். வாசலில் வைத்துவிட்டுப் போவது. அவர் இதை வஞ்சகமாகச் சொல்லவில்லை, அதுதான் பயங்கரம். எனக்கு ஒரு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"ஏலாது, அக்கா."

பூக்கவில்லையா என்று கேட்டார். எனக்கு ஒரு நல்ல சாட்டுக் கையில் இருந்தது. இலை போனால் செடி பட்டுவிடும், பிடுங்கக் கூடாதாம் என்று சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேருக்கும் முகம் முறியாது. அது உண்மையும்கூட. ஆனால் ஒரு சாண் செடிக்குப் பின்னால் போய் ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. அப்பு ஒரு நாளும் சொல்லாமல் போன வார்த்தையை அவருடைய மகள் அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

"பூத்துத்தான் கிடக்கு. பிடுங்கவும் எனக்குத் தெரியும். உங்கடை வாசலிலை வைச்சிட்டுப் போகத்தான் ஏலாது."

 யோகம் அக்கா, ஒருக்கால் நில்லும், இவரைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது மரத்தில் படும் சத்தம் காதில் இடித்தது. கீழே நிலவறையில் பௌர்ணமிக்கு ஆயத்தமாகப் பதிகம் படித்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து குரல், ரொறன்ரோ ஆட்கள் வந்திருக்க வேண்டும். ஒரு குரல் சுருதியை விட்டு விலகிப்போய்த் திரும்பி வந்தது. இப்போது வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அந்த வீட்டில் இருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம். குலசேகரம் அண்ணை படியேறி வரும் சத்தம் கேட்டதும் வைக்கலாம் என்று பொறுத்தேன். அவர் வரவில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பதிகம் முடியும்வரை என் குசினிச் சுவரோரம் நின்றேன்.